அம்மாவின் சீட்டுப் பணமும் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராவும்

எங்கள் டெஸ்க்கின் புகைப்படக் கோப்பில் 'ஆம்பூர்' என்று டைப் செய்து தேடினால் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் பிரியாணி. அடுத்து ஷிஃப்ட் முடிந்து ஷூ கம்பெனி கேட்டைத் தாண்டி வரும் பெண்கள். அதற்கடுத்து நுரை பொங்கும் பாலாறு. தேர்தல் நேரமாக இருந்தால் பிரசார வேன். அவ்வளவுதான் எங்கள் ஊர். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஏரி நிரம்பிப் பறவைகள் வந்திருக்கின்றன என்று செய்தி வந்தால், வேடந்தாங்கல் படம் ஒன்றை எடுத்துப் போட்டு, ஓரத்தில் 'கோப்புப் படம்' என்று சின்னதாக எழுதிவிடுவோம். இணையத்தில் இது அன்றாடம் நடப்பது. யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்குத்தான் உறுத்தியது. நான் பிறந்த தெருவிலிருந்து பாலாறு பத்து நிமிட நடை. அந்த மணலில் ஆள்காட்டி கத்துவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். ஆட்டுத்தொட்டிக்கு மேலே கரும்பருந்துகள் வட்டமடிக்கும். இவற்றில் ஒன்றுக்குக்கூட எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு படம் இல்லை. நாமே எடுத்தால் என்ன என்று தோன்றியபோது, கையில் இருந்தது போன் மட்டும்.

அம்மாதான் பணம் தந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். ஐம்பதாயிரம் ரூபாய் சீட்டு ஒன்றை எடுத்ததில், தள்ளு போக 43,000 கைக்கு வந்தது. அதை மொத்தமாக என் முன்னால் வைத்து மூன்று நிபந்தனை போட்டார். இ.எம்.ஐ. போடக் கூடாது. வாங்குகிற எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். மூன்றாவது: "நீ மட்டும் பாத்துட்டு வந்து போன்ல காட்டாத. நானும் பாக்கணும்."

இந்த மூன்றாவது நிபந்தனைதான் என் திட்டத்தையே மாற்றியது.

பறவைப் படம் எடுப்பது பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் 600 மி.மீ. லென்ஸிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். சிக்மாவோ டாம்ரானோ, 150-600 லென்ஸ் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. பாடியும் சேர்ந்தால் இரண்டரை கிலோவைத் தாண்டும். சென்னையிலிருந்து சனிக்கிழமை ரயிலில் வந்து, ஞாயிறு விடிகாலை ஸ்கூட்டியில் கிளம்பி, ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பவளுக்கு அது கருவி இல்லை, சுமை. விலையோ புதிதாக வாங்கினால் அம்மாவின் சீட்டைப் போல இரண்டு மடங்கு. வீடியோக்கள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பெண் தனியாக, பீரங்கி மாதிரி ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு டேனரி வரிசைக்குப் பின்னால் இருக்கும் குளக்கரையில் நின்றால், ஐந்து நிமிடத்தில் யாராவது பைக்கில் வந்து "எந்த சேனல் மேடம்?" என்று கேட்பார்கள். வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வரும். கைப்பையில் அடங்குகிற கேமரா இருந்தால், கொக்கு பார்க்கும் கிறுக்குப் பெண் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெயரே எனக்குப் போதும்.

அம்மாவும் பார்க்க வேண்டும் என்றால் முதல் செலவு கேமரா இல்லை, பைனாகுலர். பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. கேமராவின் சின்ன ஜன்னல் வழியாகப் பறவையைத் தேடுவது, சாவித் துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது மாதிரி. பைனாகுலரில் முதலில் பார்த்து, எது, எங்கே, என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு கேமராவைத் தூக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

பைனாகுலரின் மேல் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு அருகில் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று அர்த்தம். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே மடங்கு கூடித் தெரியும். 42ஐ எட்டால் வகுத்தால் 5 மி.மீ. சொச்சம் வருகிறது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலை மங்கலில் நம் கண்மணி விரியும் அளவுக்கு இது சரியாகப் பொருந்தும். சந்தையில் குவித்து விற்கும் 'நூறு மடங்கு' பைனாகுலர்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இருட்டாகத் தெரிவதன் காரணம் புரியும்.

அம்மா கண்ணாடி போடுபவர். கண்ணாடி போட்டவர்கள் பைனாகுலர் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். கண்ணை எவ்வளவு தூரத்தில் வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பதுதான் அது. 15 மி.மீ.க்குக் குறைந்தால், கண்ணாடியோடு பார்க்கும்போது ஓரம் வெட்டுப்படும். கண் வைக்கும் ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும். இது இரண்டும் உள்ள ஒரு 8×42, வாட்டர் புரூஃப், 7,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

மொட்டை மாடியில் அதை முதலில் கண்ணில் வைத்தபோது அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பத்தொன்பது வருடமாக, டியூப்லைட்டுக்குக் கீழே, ஒரு முழத்துக்குள் இருக்கும் தையலைப் பார்த்தே பழகிய கண். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இன்னாடி இது, காக்கா கழுத்து சாம்பல் கலரா கீது!" வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம்தான். அண்டங்காக்கைதான் முழுக் கறுப்பு. தினமும் சோறு வைக்கிற காக்கை.

மீதி 35,200 ரூபாய். அதில் கேமரா.

போனிலேயே எடுக்க முடியாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. வெண்மார்பு மீன்கொத்தி அலகு முதல் வால் வரை சுமார் 28 செ.மீ. அது 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 300 மி.மீ. லென்ஸ் போட்ட சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் அது படத்தின் அகலத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 30 மீட்டர் தள்ளிப் போனால் எட்டில் ஒரு பங்கு. அதாவது, தூரத்தைப் பாதியாக்கினால் லென்ஸை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 600 மி.மீ. லென்ஸ் வாங்கக் காசில்லாதவர் பதினைந்து மீட்டர் நெருங்கப் பழகினால் போதும். போனில் இதே மீன்கொத்தி ஒரு நீலப் புள்ளி. டிஜிட்டல் ஜூமை இழுத்தால் பெரிய நீலப் புள்ளி.

போனுக்கும் ஒரு வழி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைனாகுலரின் கண் பக்கத்தில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்து எடுப்பது. அதற்கென்று பிளாஸ்டிக் பிடிப்பானும் விற்கிறார்கள். ஓடாத, பறக்காத பறவைக்கு, அடையாளம் காண்பதற்கு மட்டும் இது போதும். கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான்.

அடுத்தது சூப்பர் ஜூம் கேமராக்கள். லென்ஸ் மாற்ற முடியாது, ஆனால் எல்லாம் அதிலேயே இருக்கும். 2018ல் வந்த நிக்கான் பி1000 இதில் ராட்சசன். 125 மடங்கு ஜூம், '3000 மி.மீ.' என்று விளம்பரம். நிலாவின் பள்ளங்கள்வரை தெரியும். ஆனால் அந்த 3000 என்பது பெரிய சென்சாருக்கு ஈடாகச் சொல்லும் கணக்கு. உண்மையான குவியத்தூரம் 539 மி.மீ.தான். மீதி எல்லாம் சென்சார் சின்னதாக இருப்பதால் வருவது. அதன் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. சாதாரண நிக்கான் டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் பரப்பில் அதைவிடப் பதின்மூன்று மடங்கு பெரியது. நல்ல வெயிலில் சின்ன சென்சாரும் அழகாக எடுக்கும். காலை ஆறரை மணிக்கு, மரத்தடி நிழலில், இறகு எல்லாம் வாட்டர்கலர் அடித்த மாதிரி குழைந்துவிடும். பறக்கும் பறவையைப் பின்தொடர்வதிலும் இவை மெதுவாகத்தான் வரும். எடையும் ஒன்றே கால் கிலோவுக்கு மேல்.

இதற்காக சூப்பர் ஜூமை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்ற ஒருவர், லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம், ஏரியில் தூரத்தில் இருக்கும் வாத்து என்ன வாத்து என்று தெரிந்தால் போதும் என்றால், அவருக்கு இதுதான் சரி. கேனான் எஸ்எக்ஸ்70 மாதிரி 65 மடங்கு ஜூம் கேமராவின் எடை சுமார் 600 கிராம்தான். என் தேவை வேறு. செய்தியில் போடும்படி, விடிகாலை வெளிச்சத்திலும் இறகு இறகாகத் தெரிய வேண்டும்.

வாணியம்பாடியில் கல்யாண போட்டோகிராபர் அண்ணன் ஒருவர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார். இப்போது ஊர் ஊருக்கு இதுதான் நடக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். பழசாகிவிட்டது என்று எல்லோரும் விற்கிறார்கள். நமக்கு இதைவிட நல்ல நேரம் வராது. குருவிக்கு அது பழைய கேமரா என்று தெரியவா போகிறது? நிக்கான் டி5600 பாடியும், அதனோடு வரும் 70-300 ஏஎஃப்-பி லென்ஸும். இரண்டும் சேர்த்து 900 கிராமுக்குள். 29,500 ரூபாய்க்கு முடித்தோம். பில் எழுதித் தந்தார்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. அதைத் தொடவே கூடாது. தூசி நாலு புள்ளி இருந்தால் பரவாயில்லை. அடுத்து, எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம். சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளியாக வரும். அதைச் சுத்தம் செய்துவிடலாம், ஆனால் விலையைக் குறைக்க அது நல்ல காரணம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதைக் கடைசியாக எடுத்த படத்தின் தகவலிலிருந்து கண்டுபிடிக்கலாம். கல்யாண கேமரா என்பதால் இதில் கறாராக இருந்தேன். இந்த கேமரா அவரிடம் உபரியாகவே இருந்திருக்கிறது, 22,000ஐத் தாண்டவில்லை.

நிக்கானில் இன்னொரு சிக்கல் உண்டு. 3000, 5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் சில பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பாடியையும் லென்ஸையும் தனித்தனி ஆட்களிடம் வாங்குவதாக இருந்தால், மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கேனானில் 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் இதே மாதிரி ஏழைகளின் தோழன். 375 கிராம்தான். அது நல்ல நிலையில் கிடைத்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். பிராண்டில் எனக்கு ஜாதி கிடையாது.

கருவி பற்றிய கவலை வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது மா.கிருஷ்ணனை. நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை ஆங்கில நாளேடு ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதினார், 'மழைக்காலமும் குயிலோசையும்' அந்தக் கட்டுரைகளின் தொகுப்பு. அவர் படம் எடுத்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பொருத்திக்கொண்டது. அதற்கு அவர் வைத்த கிண்டல் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, அடுத்த நொடியே திரையில் பார்க்க முடியாது. வண்ணம் இல்லாமலே விலங்கையும் பறவையையும் அடையாளம் தெரியும்படி எடுத்துக் காட்டியவர். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, '24 மெகாபிக்சல் போதுமா?' என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கேமரா வந்தாயிற்று. அதோடு வந்த பட்டை கழுத்தை அறுக்கும் நைலான். தோல் ஊரில் இருந்துகொண்டு நைலான் மாட்டுவதா? கம்பெனிகளில் வெட்டுத்துண்டு விற்பார்கள். அதில் நல்ல கனமான மாட்டுத்தோல் துண்டு ஒன்றைத் தேடி வாங்கினோம். எங்கள் தெருக்கோடியில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பட்டையை அவரிடம் கொடுத்தபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "ஸ்டிச்ச நெருக்காத. நெருக்கி வுட்டா ஸ்டாம்பு மாதிரி அந்த லைன்லயே கிழிஞ்சிடும்." துணிக்கு நெருக்கமான தையல் பலம். தோலுக்கு அதுவே பலவீனம், ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரு ஓட்டை. இது எனக்கு அன்றுவரை தெரியாது. முடிந்த பட்டையில் இரண்டு கிலோ துவரம்பருப்புப் பையைக் கட்டி ராத்திரி முழுக்கக் கதவுக் கொக்கியில் தொங்கவிட்டார் அம்மா. காலையில் பை அப்படியே இருந்தது. கூலி 350 ரூபாய்.

பட்டைக்குத்தான் தோல். கேமராவை உள்ளே வைக்கத் தோல் பை கூடாது. இதை எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் பீரோவில் இருக்கும் ஷூவில் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறதே, அதேதான் லென்ஸுக்குள்ளும் வரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஷூ டப்பாவுக்குள் வருமே, அதே பொட்டலம்தான். ஆனால் பழைய டப்பாவிலிருந்து எடுத்தது ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும், பயனில்லை. நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். டப்பாவும் ஜெல்லும் 400 ரூபாய். மெமரி கார்டும் உபரி பேட்டரியும் 2,700. மீதி 2,250ஐ அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பில்லோடு.

டிரைபாட் வாங்கவில்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, கேழ்வரகு நிரப்பி, மறுபக்கமும் தைத்தால் தலையணை மாதிரி ஒன்று வரும். ஸ்கூட்டி சீட்டின் மேல், மதகுச் சுவரின் மேல், பாறையின் மேல் அதைப் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் ஆடாது. முட்டிபோட்டு உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குவதற்கும் அது வசதி.

செட்டிங் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 வைக்கிறேன். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டுவிடுகிறேன். படத்தில் கொஞ்சம் பொரி இருந்தால் சரிசெய்யலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது. லென்ஸில் இருக்கும் நடுக்கக் கட்டுப்பாடு நம் கையைத்தான் நிறுத்தும், குருவியின் தலையை நிறுத்தாது. கொக்கை எடுக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை இறகு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். நீர்க்காகத்துக்கு இதற்கு நேர் எதிராகக் கூட்ட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் பாலாற்று மணலில் எந்த லென்ஸும் உதவாது. மணல் சூடாகிக் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். கேமராவில் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோவார்கள். கோளாறு காற்றில். எங்கள் மாவட்டத்திலேயே ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 1986லிருந்து 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கும் காற்று அசையாமல் இருந்தால்தான் வேலை. 300 மி.மீ. வைத்திருக்கும் நான் எந்த மூலைக்கு?

முதல் இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல படம், ஆற்றை ஒட்டிய ஒரு குட்டையில் எடுத்த நெடுங்கால் உள்ளான். குச்சி மாதிரி நீண்ட சிவப்புக் கால், கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு. தண்ணீரில் அதன் பிம்பம்கூட உடையாமல் விழுந்திருந்தது. டெஸ்க்கில் எல்லோருக்கும் பிடித்தது. ஒருவர் உடனே தலைப்பும் சொன்னார்: 'பாலாறு மீண்டது, பறவைகள் வந்தன.'

நான் வேண்டாம் என்றேன். அந்தக் குட்டையின் நிறம் தேநீர் நிறம். வாசனையைப் படத்தில் காட்ட முடியாது. நெடுங்கால் உள்ளான் சாக்கடைத் தண்ணீரிலும் இரை தேடும் பறவை. கழிவு தேங்கிப் புழு பூச்சி பெருகும் இடங்களில் அதைக் கூட்டமாகவே பார்க்கலாம். அது நிற்கிறது என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று எழுத முடியாது. இந்த ஆற்றுக்கும் தோல் கழிவுக்குமான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பை சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் விரிவாக உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 28 வருடத்துக்கு மேல். என் ஒரு படம் அத்தனையையும் மூடி மறைக்கும் அழகான திரையாகிவிடக் கூடாது.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது என்பதும் உண்மை. அந்தத் தோலில்தான் எங்கள் வீட்டு அரிசி. என் டிப்ளமோ ஃபீஸும் அதில்தான் வந்தது, இந்தக் கேமராவும் அதில்தான் வந்தது. கம்பெனியை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஆறு எப்படியோ போகட்டும் என்று சொல்லவும் வராது. கடைசியில் படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'ஆம்பூர் அருகே பாலாற்றை ஒட்டிய கழிவுநீர்க் குட்டையில் இரை தேடும் நெடுங்கால் உள்ளான்.' தேதியும் போட்டேன். படம் சின்ன அளவில் வந்தது. அம்மா அதைக் கம்பெனித் தோழிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒருவர் 'சூப்பர்' என்றார், ஒருவர் அந்தக் குட்டை எங்கள் வீட்டுப் பின்னால்தான் என்றார்.

நல்ல தண்ணீரையும் பறவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் காவேரிப்பாக்கம் போக வேண்டும். வாலாஜாவைத் தாண்டிச் சென்னைச் சாலையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பல்லவர் காலத்துக்குப் போகும் பழமை. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மறுகரை தெரியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது, ஆற்றில் தண்ணீர் ஓடுவதையே பார்க்காத என் வயதுக்காரர்கள் பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுத்தோம். அந்தத் தண்ணீர் கடைசியில் போய் நிற்கிற இடங்களில் ஒன்று இந்த ஏரி.

பொங்கல் விடுமுறையில் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். தமிழ்நாடு முழுக்க அந்த நான்கு நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் செயலியில் பதிய வேண்டும். கேமராவே தேவையில்லை. பெயர் தெரியாத பறவைக்கு மட்டும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு சரிபார்க்கலாம். அந்தப் படம் அழகாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, அலகும் காலும் தெரிந்தால் போதும். என் 300 மி.மீ. இதில் குறையே வைக்கவில்லை.

கரையில் பனிப்புகை விலகும்வரை காத்திருந்தோம். பைனாகுலர் அம்மா கையில். முதலில் நாமக்கோழிக் கூட்டம், கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. பெயரை ஏன் அப்படி வைத்தார்கள் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய் எங்கே எழும் என்று அம்மா பந்தயம் கட்டினார். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, "அலகு கோணலா கீதேடி, பாவம்" என்றார். நத்தையைப் பிடித்துத் திறக்க அதுதான் வசதி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லாஸ்டிங் பின்சர் மாதிரி" என்றார். ஷூவின் தோலை அச்சின் மேல் இழுத்துப் பிடிக்கும் குறடு அது. எந்தப் புத்தகத்திலும் அந்த ஒப்பீடு இருக்காது.

கூழைக்கடா நான்கு, தண்ணீரை ஒட்டித் தாழ்வாக வந்து இறங்கின. நான் கேழ்வரகுத் தலையணையில் கேமராவை வைத்து எடுத்தேன். இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தண்ணீரில் சறுக்கும் அந்த நொடி கிடைத்துவிட்டது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. திரையில் அம்மாவுக்குக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், திரும்பவும் பைனாகுலருக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் எங்கள் பட்டியலில் 27 வகைப் பறவைகள். பதினொன்றை முதலில் பார்த்தவர் அம்மா.

பஸ்ஸில் திரும்பும்போது, கம்பெனியில் புது சீட்டு ஒன்று ஆரம்பிக்கிறார்கள், தானும் சேரப்போவதாகச் சொன்னார். பெரிய லென்ஸ் ஏதாவது மனதில் வைத்திருக்கிறாரோ என்று நான் அவசரமாக மறுக்கப் போனேன்.

"உனக்கு இல்ல. இன்னொரு பைனாகுலர் வாங்கணும். ஒண்ண வச்சிக்கினு ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாக்கறதுக்குள்ள அது பறந்துடுது."